கல்யாணத் தேதி தள்ளிப்போனால் முகத்தையும் முடியையும் என்ன செய்வது?

பாம்பன்_காற்று
செவ்வாய், இரவு 10.20

இந்த மாதக் கடைசியில் எனக்குக் கல்யாணம் என்று இருந்தது. மாதா கோவிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து முடித்தாகிவிட்டது. பத்திரிகையும் பாதி ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது. மீன்பிடிக்க அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை கடலுக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகோடு ஏழு பேரையும் இலங்கைக் கரையில் பிடித்து வைத்திருக்கிறார்கள். முதலில் 14 நாள் காவல் என்றார்கள். அதன்பிறகு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணன் கைபிடித்துக் கூட்டிப்போகாமல் பீடத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆனால் குவைத்திலிருந்து வந்திருக்கும் அவருக்கு விடுமுறை அக்டோபர் முதல் வாரம் வரைதான்.

இனிக் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அண்ணன் பிடிபடுவதற்கு முந்தைய வாரம் ராமநாதபுரத்தில் ஒரு பார்லரில் 4,500 ரூபாய் கொடுத்து முடியை நேராக்கும் ஸ்மூத்னிங் செய்துகொண்டேன். பிடிபட்டதற்கு இரண்டு நாள் முன்னால் அதே இடத்தில் முகத்துக்குப் பீலிங் செய்தார்கள். ஒரு வாரம் தோல் உரியும், வெயிலில் போகாதே என்றார்கள். நான் எங்கே போகாமல் இருந்தேன்? பிடிபட்டவர்களை விடச் சொல்லித் தங்கச்சிமடத்தில் சாலை மறியல், பிறகு உண்ணாவிரதம் என்று அம்மாவோடு மூன்று நாள் தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத்திட்டாகக் கறுத்திருக்கிறது. சித்தி மகள் மருந்துக்கடையில் ஒரு கிரீம் வாங்கிக் கொடுத்தாள். நான்கு இரவு பூசியிருக்கிறேன். பளிச்சென்று ஆவது போலத் தெரிகிறது, எரிச்சலும் இருக்கிறது.

மணப்பெண் அலங்காரத்துக்கு 22,000 பேசி 10,000 முன்பணம் கொடுத்திருக்கிறேன். தேதி மாறிவிட்டது என்றதும், முன்பணம் போனது போனதுதான், புதுத் தேதிக்குப் புதிதாகப் பேச வேண்டும் என்கிறார்கள். தேதி தெரியாத கல்யாணத்துக்கு முகத்தை எப்படித் தயாராக வைத்திருப்பது? பீலிங்கை மறுபடி செய்யலாமா? முடி என்ன ஆகும்? சொல்லுங்கள் அக்கா.

கீழக்கரை_லாத்தா
செவ்வாய், இரவு 10.41

முதலில் அந்தக் கிரீமின் ட்யூபைத் திருப்பிப் பார்த்து, பின்னால் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே இங்கே எழுது. இன்றிரவு அதைப் பூசாதே. மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

முண்டு_மிளகாய்
செவ்வாய், இரவு 11.05

அண்ணன் சிறையில் கிடக்கிறான். தங்கைக்குக் கன்னம் கறுத்ததுதான் கவலை. எங்கள் காலத்தில் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டுத் தாலி கட்டிக்கொண்டோம்.

விசைப்படகு_அப்பா
புதன், காலை 5.50

மிளகாய் அம்மா, நானும் மண்டபம் ஊரில் படகு வைத்திருப்பவன்தான். என் தம்பியும் ஒரு முறை இப்படி அந்தக் கரையில் 40 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வந்தவன். உள்ளே இருந்த நாளெல்லாம் அவன் வீட்டுக்குச் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புங்கள், ஆட்டுக்குத் தழை போடுங்கள்." வீடு நிற்காமல் நடக்கிறது என்று தெரிந்தால்தான் உள்ளே இருப்பவனுக்குச் சோறு இறங்கும். இந்தப் பிள்ளை மூன்று நாள் தார்ச்சாலையில் உட்கார்ந்து முகம் கருகியிருக்கிறது. நாம் இருவரும் அன்று எங்கே இருந்தோம்? கேட்டதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மகளே, சட்ட விவகாரம் பற்றித் தெரிந்ததை நாளை மாலை வந்து எழுதுகிறேன். இப்போது ஐஸ் ஏற்றப் போகிறேன்.

பாம்பன்_காற்று
புதன், காலை 8.15

லாத்தா, ட்யூபில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் என்று மூன்று பெயர் இருக்கிறது. மருந்துச் சீட்டு எதுவும் கேட்கவில்லையாம். "முகம் வெளுக்கக் கொடுங்கள்" என்றதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம்.

மிளகாய் அம்மா, உங்களுக்குக் கோபமில்லாமல்தான் சொல்கிறேன். "நீ அழுதுகொண்டே இருந்தால் அவன் வந்ததும் உன் முகத்தைப் பார்த்து அழுவான், போய் முகத்துக்கு வழி பார்" என்று என்னை அனுப்பியது என் அம்மா.

உச்சிப்புளி_செவிலி
புதன், மதியம் 2.30

இரவுப் பணி முடிந்து தூங்கி எழுந்து இப்போதுதான் பார்க்கிறேன். நான் மருத்துவர் இல்லை, செவிலியர். தோல் புறநோயாளிப் பிரிவில் சில ஆண்டு வேலை பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அந்தக் கிரீமில் மூன்றாவதாக இருக்கிறதே மொமெட்டாசோன், அது ஸ்டீராய்டு. மருத்துவர் பார்த்து, நாள் கணக்கு வைத்துக் கொடுத்தால் அது நல்ல மருந்து. கடையில் சும்மா வாங்கி மாதக்கணக்கில் பூசுகிறவர்களை என்ன பாடு படுத்துகிறது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் சில நாள் எரிச்சலை அடக்கி முகத்தைப் பளபளப்பாக்கும். எல்லாரும் ஏமாறுவது அங்கேதான். பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரியும், முகம் சிவக்கும், பரு கிளம்பும், கன்னத்தில் மயிர் முளைக்கும். நிறுத்தினால் எல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பி வரும். அந்தப் பயத்திலேயே விடாமல் பூசுவார்கள். மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018-ஆம் ஆண்டிலேயே மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்துவிட்டது. இருந்தும் உப்பு, புளி போல விற்கிறார்கள். நீங்கள் நான்கு இரவுதான் பூசியிருக்கிறீர்கள் என்பதால் பயப்பட வேண்டாம், நிறுத்திவிடுங்கள். உரிந்த தோலின் மேல் ட்ரெட்டினாயின் வேறு. அது தானே தோலை உரிக்கிற சரக்கு. எரியாமல் என்ன செய்யும்?

கறுப்புக்கு வருகிறேன். பீலிங் என்பது அமிலத்தால் மேல்தோலை உரிப்பது. அடியிலிருந்து வரும் புதுத்தோல் பச்சைப் பிள்ளையின் தோல் மாதிரி. அதில் ஆகஸ்ட் வெயில் பட்டால் நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்குத் தோல் தன்னைக் காத்துக்கொள்ள நிறத்தைக் கொட்டிக்கொள்ளும். இதை நீங்கள் செய்த குற்றம் மாதிரி நினைக்க வேண்டாம். பாசி எடுக்கக் கடலுக்குப் போகும் பெண்களின் கன்னத்தில் விழுகிற மங்குக்கும் வெயிலே பெரிய காரணம். கடற்கரையில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதத்தையும் நுரைத்த கடல் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குடை பிடித்தும் முகம் கறுப்பது அதனால்தான்.

மறுபடி பீலிங் இப்போது வேண்டவே வேண்டாம். கறுப்பின் மேல் இன்னொரு முறை உரித்தால் கறுப்பு ஆழமாகும். செய்ய வேண்டியது மிகச் சலிப்பான வேலை. மணமில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர். காலையில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும். வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தரம் திரும்பவும். லேசாகத் தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கிடைத்தால் இந்த மாதிரிக் கறுப்புக்கு இன்னும் நல்லது, அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். இது மங்க வாரக்கணக்கு, சிலருக்கு மாதக்கணக்கு ஆகும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நாள் காலையில் போய்த் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ட்யூபையும் கையில் எடுத்துப் போங்கள்.

சாயல்குடி_பேத்தி
புதன், மதியம் 3.10

எலுமிச்சைச் சாற்றில் தயிர் கலந்து தடவுங்கள் அக்கா. ஒரே வாரத்தில் கறுப்பு போய்விடும்.

உச்சிப்புளி_செவிலி
புதன், மதியம் 3.22

எலுமிச்சை கூடவே கூடாது! அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே கிளம்பும். பிறகு அந்த இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். தயிரைச் சோற்றில் போட்டுச் சாப்பிடுங்கள்.

சென்னைச்_சித்தி
புதன், மாலை 6.00

இங்கே எல்லா மணப்பெண்களும் குளுட்டாதயோன் ஊசிதான் போடுகிறார்கள். என் நாத்தனார் மகள் எட்டு ஊசி போட்டாள், நிறம் இரண்டு படி ஏறிவிட்டது.

கீழக்கரை_லாத்தா
புதன், மாலை 6.45

சித்தி, ரத்தத்தில் ஏற்றுகிற சமாச்சாரத்தை இங்கே சிபாரிசு செய்யாதீர்கள். தோலை வெளுக்க வைக்கும் ஊசி எதற்கும் அமெரிக்க மருந்துத் துறை ஒப்புதல் தந்ததில்லை. எங்கள் ஊருக்கு வளைகுடாப் பெட்டிகளில் பெயரே இல்லாத வெளுப்புக் கிரீம்கள் வருகின்றன. நானும் ஒரு காலத்தில் அதை வாங்கி விற்றவள்தான், மறைப்பானேன். 2023-இல் மலப்புரத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குப் பாதரசத்தால் சிறுநீரகம் கெட்டது என்று செய்தி வந்த அன்று, கடையில் இருந்த அத்தனையையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். 6,000 ரூபாய்ச் சரக்கு.

இந்தப் பிள்ளைக்கு நிறம் குறைச்சல் என்று மாப்பிள்ளை வீட்டில் யாரும் சொல்லவில்லை. நாமாக ஏற்றிவிட வேண்டாம்.

தொண்டிக்காரி
புதன், இரவு 9.15

முன்பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பத்தாயிரம் என்பது சும்மா விட்டுவிடக்கூடிய பணமா? மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதற்கு அரசு கொடுக்கும் நிவாரணமே 8,000 ரூபாய்தான்.

என் தங்கை கல்யாணத்தில் புகைப்படக்காரரோடு இதே தகராறு வந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்தோம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணமே கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போய் நிற்கலாம். ஆனால் கையில் தாள் வேண்டும். ரசீது, வாட்ஸ்அப்பில் பேசியது, பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். "முன்பணம் எந்த நிலையிலும் திரும்பாது" என்று உங்களிடம் முன்கூட்டியே எழுத்தில் சொன்னார்களா, இல்லையா? அதுதான் முதல் கேள்வி.

கீழக்கரை_லாத்தா
புதன், இரவு 10.00

தொண்டிக்காரி சொல்வது சரி. ஆனாலும் நானும் மணப்பெண் அலங்காரம் செய்பவள், மறுபக்கத்தில் நிற்பவள் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். முகூர்த்த நாள் என்பது எங்களுக்குப் படகுக்காரருக்கு மீன் வரத்து மாதிரி. அந்த ஒரு தேதிக்கு வாக்குக் கொடுத்தால் வேறு மூன்று பேரைத் திருப்பி அனுப்புவோம். கடைசி நேரத்தில் நின்றுபோனால் அன்றைய நாள் போயே போயிற்று. அதனால் கொஞ்சம் பிடித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. முழுவதையும் விழுங்குவதில் கிடையாது. பதினெட்டு நாளுக்கு முன்பே தகவல் சொன்ன பெண்ணிடம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால் அது பேராசை.

நான் செய்வது இதுதான். ஏழு நாளுக்கு முன் சொன்னால் ஒரு தடவை தேதியை இலவசமாக மாற்றித் தருவேன். சாவு, விபத்து, கடல் விவகாரம் என்றால் நாள் கணக்கே பார்ப்பதில்லை. இதைச் சீட்டிலேயே அச்சடித்து வைத்திருக்கிறேன். இந்த ஞானம் எனக்கு 2020-இல் வந்தது. மாப்பிள்ளை துபாயில் இருந்தார். நிக்காஹுக்கு மூன்று நாள் முன்னால் பெண்ணுக்கு மருதாணி போட உட்கார்ந்தோம். முழங்கைவரை போட்டு முடித்தபோது, வெளிநாட்டு விமானங்கள் மார்ச் 22-க்குப் பிறகு வராது என்று செய்தி. உம்மா அழுகிறார், வாப்பா தொலைபேசியைத் தூக்கி எறிகிறார், பெண் மட்டும் இரண்டு கையையும் காற்றில் நீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கலைந்துவிடுமாம்! நிக்காஹ் ஒன்பது மாதம் கழித்து நடந்தது. அவளிடம் நான் இரண்டாவது தடவை பணம் வாங்கவில்லை.

அவர்களிடம் சண்டைக்குப் போகாமல் முதலில் இப்படிக் கேட்டுப் பார்: "பணமாக வேண்டாம், புதுத் தேதிக்கு மாற்றிக் கொடுங்கள். அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை இருந்தால் பாதியைத் திருப்பிக் கொடுங்கள்." வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேள்.

விசைப்படகு_அப்பா
வியாழன், இரவு 8.30

சொன்ன மாதிரி வந்திருக்கிறேன். மகளே, 14 நாள் என்பது முதல் தவணைதான். அதன் முடிவில் நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். விடலாம், அபராதம் போடலாம், இன்னொரு 14 நாள் நீட்டலாம். என் தம்பிக்கு இரண்டு முறை நீட்டினார்கள். விடுதலை என்று தீர்ப்பு வந்த அன்றே வந்துவிட மாட்டார்கள். முகாமில் வைத்திருந்து, காகித வேலை முடித்து, விமானத்தில் சென்னைக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து வேனில் ஊர். தம்பிக்குத் தீர்ப்பிலிருந்து வீட்டு வாசல்வரை ஆறு நாள் ஆனது. ஆக, நீ கணக்கு வைக்க வேண்டியது தேதியை வைத்து இல்லை. விடுதலைச் செய்தி வந்த நாளை ஒன்று என்று எண்ணத் தொடங்கு. ஏறக்குறைய ஒரு வாரம் உன் கையில் இருக்கும்.

இன்னொன்று. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, நினைவிருக்கிறதா? மறுநாள் காலை என் மகள் கல்யாணம். கல்யாண மண்டபத்தில் முழங்கால் தண்ணீர். மேக்கப் அம்மா மதுரையிலிருந்து கிளம்பி ராமநாதபுரத்தோடு நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு மாடியில் கல்யாணம் நடந்தது. மகளுக்குப் பவுடர் அடித்துப் பொட்டு வைத்தது எதிர்வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு. படத்தில் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறாள். பின்னணியில் ஒரு வாளி மட்டும் தெரியும்.

முண்டு_மிளகாய்
வியாழன், இரவு 9.05

அந்த மழையில் என் வீட்டுச் சுவரும் விழுந்தது.

நான் முதலில் எழுதியதை அழிக்க வழி தெரியவில்லை. கிடக்கட்டும். பிள்ளை, உன் அண்ணன் பெயரைச் சொல்லி ஓரியூர் அருளானந்தர் கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

பாம்பன்_காற்று
வெள்ளி, காலை 11.40

நன்றி மிளகாய் அம்மா. அம்மாவும் ஓரியூருக்குத்தான் நேர்ந்திருக்கிறார்.

மருத்துவமனைக்குப் போய் வந்தேன். செவிலியக்கா சொன்னதையேதான் மருத்துவரும் சொன்னார். கிரீம் நின்றுவிட்டது. பார்லரில் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஸ்மூத்னிங் செய்த முடி ஒரு மாதம், இரண்டு மாதம் தள்ளிப்போனால் பழையபடி சுருண்டுவிடுமா? பார்லர்ப் பெண் "கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு தடவை போட்டுவிடலாம்" என்று அன்றே சொன்னாள். அப்புறம், எழுதக் கூச்சமாக இருக்கிறது, பழைய தேதிக்குக் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன், புதுத் தேதி மாதவிலக்கு நாளில் விழுந்துவிட்டால்? மாத்திரையை இப்போதே போட்டு வைக்கலாமா?

உச்சிப்புளி_செவிலி
வெள்ளி, மதியம் 1.15

கூச்சப்பட ஒன்றுமில்லை. தள்ளிப்போடத் தரும் நோரெத்திஸ்டெரோன் மாத்திரையை, வர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து தொடங்குவார்கள், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். தேதியே இல்லாதபோது இதைத் தொடங்குவது எந்தக் கணக்கிலும் சேராது. தேதி முடிவானதும் நாள் இடித்தால் மட்டும் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து வாங்குங்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ காலில் ரத்தம் உறைந்தது உண்டென்றால், கடுமையான ஒற்றைத் தலைவலி இருந்தால், அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கோவிலில் பீடத்துக்குப் போக இது ஒரு தடையுமில்லை என்பதையும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

முடியைப் பற்றி ஒன்று மட்டும். நேராக்கும் மருந்துகள் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். ஒவ்வொரு முறை முடியை நேராக்கிக்கொண்ட பிறகும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2024-இல் எழுதியிருந்தார்கள். மூன்று முறை செய்தாளாம், மூன்று முறையும் அதே கதை. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. மருந்து போடும்போது தலை எரிந்தாலோ, பிறகு வாந்தி, காய்ச்சல், இடுப்பு வலி வந்தாலோ அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு மாத இடைவெளியில் இன்னொரு தடவை என்பது தேவையில்லாத வேலை.

கீழக்கரை_லாத்தா
வெள்ளி, மாலை 5.30

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும். இரண்டு மாதம் தள்ளிப்போனாலும் வேரில் இரண்டு விரற்கடைதான் சுருளாக எழும். கொண்டை போட்டு மேலே நெட் முக்காடு குத்தப்போகிற தலைக்கு அது யார் கண்ணுக்குத் தெரியும்? உங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றித்தான் கவலை. தங்கச்சிமடத்தில் தண்ணீர் நன்றாக இருக்கும், மல்லிகை நாற்று அங்கே அப்படிப் பிழைப்பதே அதனால்தானே. பாம்பனில் உங்கள் தெரு எப்படி? உப்பாக இருந்தால் கடைசியில் ஒரு குடம் காவிரித் தண்ணீர் ஊற்றி அலசு.

இனி நாள் கணக்கு. அண்ணாச்சி சொன்னாரே, செய்தி வந்த நாளிலிருந்து ஒரு வாரம், அதை வைத்துப் போடுவோம். செய்தி வரும்வரை முகத்தில் கை வைக்காதே. பிளீச் வேண்டாம், ஃபேஷியல் வேண்டாம், தங்கம், வைரம், முத்து என்று எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம். இதுவரை போட்டுப் பழகாத எதையும் கல்யாண வாரத்தில் தொடாதே. சும்மா இருக்கும் இந்த நாளில் செய்ய வேண்டியது ஒத்திகை மேக்கப். முகத்தின் நிறம் இப்போது முன்பிருந்த மாதிரி இல்லை, பழைய அளவுக்கு எடுத்த ஃபவுண்டேஷன் இப்போது சாம்பல் பூசினாற்போல நிற்கும். கறுத்த இடத்தில் முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டரை மெல்லியதாகத் தட்டி, அதன்மேல் தோல் நிறத்தை வைக்க வேண்டும். வெள்ளையை அப்பினால் திட்டு இன்னும் எடுத்துக் காட்டும். ஒத்திகை முடிந்ததும் வாசலில் போய் நின்று பகல் வெளிச்சத்தில் பார். கச்சான் காற்றில் ஒரு மணி நேரம் நில். அப்போது தெரியும் எது நிற்கும், எது வழியும் என்று. காலையில் உடுத்துவது வெள்ளைப் பட்டு அல்லவா? கழுத்துக்குப் பூசியது ரவிக்கைக் கழுத்தில் ஒட்டும். உடுத்திய பிறகு கழுத்தில் கை வைக்க விடாதே. ஆமாம், ரவிக்கை! கவலையில் உடம்பு இளைத்திருக்கும், இப்போதே ஒரு முறை போட்டுப் பார்த்துவிடு.

செய்தி வந்ததும், வாக்சிங் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், புருவம் அதே நாள். மேலுதட்டுக்கும் நூல்தான், அந்தத் தோலில் வாக்ஸ் படவே கூடாது. மருதாணி இரண்டு இரவு முன்னால். இலையின் சாயம் மெதுவாகத்தான் ஏறும், ஒன்றரை, இரண்டு நாள் கழித்துத்தான் முழு நிறம் காட்டும். அவசரத்துக்கு ஒரு மணி நேரத்தில் கறுக்கிற கோன் என்று கடையில் கொடுப்பார்கள், அது தலைமுடிச் சாயத்தில் போடுகிற பி.பி.டி. என்ற ரசாயனம். கை வெந்துவிடும். என்னிடம் மே மாதம் அரைத்த மருதாணிக் கோன் ஃப்ரீசரில் இருக்கிறது. உறைய வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. உனக்கென்று ஆறு கோன் எடுத்து வைத்துவிட்டேன்.

தொண்டிக்காரி
சனி, காலை 7.30

பார்லர் பதில் போட்டதா? போடவில்லை என்றால் 1915-க்குப் பேசுங்கள். நானும் கூட இருந்து எழுதித் தருகிறேன்.

பாம்பன்_காற்று
மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 7.50

இன்று மதியம் விட்டுவிட்டார்கள்! ஒரு முறை நீட்டி, இரண்டாவது தவணையில் ஏழு பேருக்கும் விடுதலை. படகை மட்டும் விடவில்லை. முகாமில் இருக்கிறார்கள், புதன்கிழமை விமானம் என்று சொல்கிறார்கள். ஃபாதரிடம் பேசிவிட்டோம். அடுத்த சனிக்கிழமை காலை 10 மணித் திருப்பலி. விசைப்படகு அப்பா சொன்ன ஒரு வாரக் கணக்கு ஒரு நாள் கூடுதலாகச் சரியாக வந்திருக்கிறது.

முகத்தில் நெற்றித் திட்டு நன்றாகவே மங்கிவிட்டது. இடது கன்னத்தில் இன்னும் இருக்கிறது. ஒத்திகை மூன்று தடவை செய்து பார்த்தாயிற்று, செய்தது சித்தி மகள்தான், கிரீம் வாங்கிக் கொடுத்த பாவத்துக்குப் பரிகாரம் என்று சொல்லிக்கொண்டே செய்கிறாள். ரவிக்கை ஒரு அங்குலம் தொளதொளத்தது, பிடித்தாகிவிட்டது. மாத்திரை தேவைப்படவில்லை.

பார்லரில் அந்தச் சனிக்கிழமை வேறு கல்யாணம் இருக்கிறதாம். 6,000 திருப்பிக் கொடுத்தார்கள். தொண்டியக்கா, மீதி நாலாயிரத்துக்கு நான் போகப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தொண்டிக்காரி
வெள்ளி, இரவு 8.05

கோபம் இருக்கத்தான் செய்கிறது. கல்யாணம் முடியட்டும், நானே அவர்களுக்கு எழுதுகிறேன்.

முண்டு_மிளகாய்
வெள்ளி, இரவு 8.20

ஓரியூர் அருளானந்தரே!

கீழக்கரை_லாத்தா
வெள்ளி, இரவு 8.40

அல்ஹம்துலில்லாஹ். வியாழன் இரவு நீ கைக்குப் போட்டாக வேண்டும். கோனை வியாழன் காலையில் வெளியே எடுத்து ஐஸ் விட்டதும் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். ராமநாதபுரத்தில் என் மருமகன் ராமேஸ்வரம் பஸ்ஸில் நடத்துநர் கையில் சேர்த்துவிடுவான். பெட்டியை வெயில் படும் பக்கம் வைக்காதே என்று அவரிடம் சொல்லச் சொல்கிறேன். பாம்பன் நிறுத்தத்தில் வாங்க யார் வருவார்கள்? அடையாளம் சொல், எழுதி அனுப்புகிறேன்.

பாம்பன்_காற்று
வியாழன், காலை 9.10

அண்ணன் நிற்பார் லாத்தா. நீலச் சட்டை, தாடி எடுக்கவில்லை.